பொன்னேகேரிக் கல்லும் புத்தரிக்கு வந்த குறுப்பும்

ஷில்லாங்
11 செப்டம்பர் 1978

அண்ணாவுக்கு,

நான் செத்துப்போன செய்தி எனக்கு நேற்றுதான் கிடைத்தது. ஊருக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டுச் செய்தி எனக்கு எப்போதும் கடைசியில்தான் வரும். அப்பா செத்ததும் எனக்கு இப்படித்தான் தாமதமாகத் தெரிந்தது. ஆனால் அப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தச் சாவில் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் விசாரித்து எழுதுகிறேன்.

நான் இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியாது. பெயர்ப் பலகையில் என் மனைவி தெய்லினின் பெயர், அடுப்படியில் நான். நேற்று ஒரு ஹவில்தார் வந்தான். பன்றிக்கறி கேட்டான். ஒரு வாய் வைத்ததும் தலையைத் தூக்கினான்.

“ஐயா, இந்தப் புளிப்பு எங்க ஊர்ப் புளிப்பால்ல இருக்கு!”

“நானும் குடகுதாம்பா. இங்க ஒரு காட்டுப்பழத்தக் காய்ச்சி ஏமாத்துறேன்.”

உடனே அந்தக் கேள்வி. கொடவன் சோற்றுக்கு முன்னால் குலம் விசாரிக்கிற கேள்வி.

“எந்த ஒக்கா?”

“நெல்லிமாடண்ட ஒக்கா. பொன்னேகேரி.”

“பேரு?”

“பெள்ளியப்பா.”

எச்சில் கையோடு எழுந்து சல்யூட் அடித்தான். “அப்ப கல்லுல இருக்காரே, அவரு பேரையே உங்களுக்கும் வெச்சிருக்காங்களா!” என்றான்.

பிறகு அவன் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. நம் ஊர் மந்துத் திடலில், அத்திமரத்தடியில், போரில் செத்தவர்களுக்குக் கறுப்புக் கல் நட்டிருக்கிறீர்களாம். புத்தரிப் புதுநெல் அறுப்புக்கு மறுநாள் ஊர் கோலாட்டத்துக்குக் கூடும்போது முதலில் அந்தக் கல்லுக்குப் பால் வார்க்கிறார்களாம். கல்லில் பெயர் உள்ள ஒக்காக்கள்தான் மந்துக்குள் முதலில் நுழையுமாம். எனக்கு ‘அறுபத்திரண்டில் வீர மரணம்’ என்று போட்டிருக்கிறதாம்.

அறுபத்திரண்டில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சமைத்தேன். பனியில் பின்வாங்கி இறங்கியபோது என் கையில் இருந்தது ஒரு கரண்டி. சீனாக்காரன் என்னைச் சுட நினைக்கவில்லை; என் சப்பாத்தியைத் தின்ற நம் ஆட்கள்தான் நினைத்தார்கள். நுரையீரல் கெட்டு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே நர்ஸாக இருந்த தெய்லினைக் கட்டிக்கொண்டேன். அதை எழுதியதற்கு, ‘இந்த வீட்டில் பெள்ளியப்பா என்று யாரும் இல்லை’ என்று அப்பா ஒரே வரியில் பதில் போட்டார். அப்போதே நான் பாதி செத்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை யாரைக் கேட்டுக் கல்லில் ஏற்றினீர்கள்?

இந்தப் புத்தரிக்கு நான் வருகிறேன். பெற்ற அவ்வாவைப் பார்க்க வேண்டும். வயலில் உங்களோடு நின்று, கதிர் அறுக்கும்போது ‘பொலி பொலி தேவா’ என்று கத்த வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அதற்குள் கல்லிலிருந்து என் பெயரைச் சுரண்டிவிடு.

இப்படிக்கு,
காலஞ்சென்ற பெள்ளியப்பா

*

பொன்னேகேரி
26 செப்டம்பர் 1978

பெள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு ஓர் இன்லண்டு லெட்டரை ஒட்டக்கூடத் தெரியாதா? போதாததற்கு வெளியே, அனுப்புநர் என்ற இடத்தில் ‘காலஞ்சென்ற நெ. பெள்ளியப்பா’ என்று எழுதியிருக்கிறாய். தபால்காரன் சிரித்துக்கொண்டே வந்தான். “சுபேதாரே, மேலோகத்துலேர்ந்து கடுதாசி. ஸ்டாம்பு மட்டும் நம்ம ஸ்டாம்பு” என்றான். ராணுவக் கோட்டா ரம் ஒரு புட்டி கொடுத்து அவன் வாயை அடைத்தேன். இனிமேல் அனுப்புநர் பெயர் எழுதாதே.

நீ உயிரோடு இருப்பதில் சந்தோஷம். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொன்று சண்டை முடிந்த பிறகு ஊர்க் கமிட்டி கல் வைக்கத் தீர்மானித்தது. ஒவ்வொரு ஒக்காவாகப் பெயர் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒருவன் இருந்தான். பாண்டேயட ஒக்கா குட்டய்யா இரண்டு பெயர் கொடுத்தான். அதில் ஒருவன் லாரியிலிருந்து விழுந்தவன். நெல்லிமாடண்ட முறை வந்தது. நான் முழு சர்வீஸ் முடித்து, இரண்டு கை இரண்டு காலோடு வந்து நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அது எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று உனக்கு விளங்காது. உன் பெயர் எழுதப்பட்டது.

கல்லில் உள்ள ஒக்காக்கள் முறைவைத்து, ஊரின் முதல் கதிருக்கு வெடி வைக்கின்றன. இந்த வருஷம் நம் முறை. நான் துப்பாக்கி தூக்கிச் சுட்டு, முதல் கதிரை அறுக்க வேண்டும். அப்பாவுக்குக் கிடைக்காதது இது.

ஆகவே நீ வரக் கூடாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவ்வா இருக்கிறாள். கண் இரண்டும் மங்கிவிட்டன. உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மேதப்பா

*

ஷில்லாங்
9 அக்டோபர் 1978

அண்ணாவுக்கு,

‘உன் பெயர் எழுதப்பட்டது’ என்கிறாய். யார் எழுதியது? ராத்திரி பெய்த மழை எழுதியதா, அல்லது கல் தானாகவே ‘எனக்கு ஒரு பெள்ளியப்பா வேண்டும்’ என்று கேட்டதா? நீ கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை எழுத உன் பேனா மண்டி போடுகிறது.

இரண்டு கை இரண்டு காலோடு வந்தது வெட்கம் என்கிறாயே, அண்ணா, நீ ஒரு காலைக் கொடுத்திருக்கலாம். அது உன்னுடையது. என்னிடம் கேட்காமல் என்னை முழுசாகக் கொடுத்துவிட்டாய்.

தெய்லினிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். “செத்தவன் கடைக் கணக்க எப்படிப் பாப்பான், இனிமே கல்லாவ நான் பாத்துக்கறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டாள். இந்த ஊரில் பெண் வழிதான். என் மூன்று பெண்களுக்கும் அவள் குலத்தின் பெயர். வீடு கடைக்குட்டிக்கு. மாப்பிள்ளை என்பவன் இங்கே நல்ல விருந்தாளி. விறகு பிளப்பான், தாய்மாமன் வந்தால் எழுந்து இடம் கொடுப்பான். நெல்லிமாடண்ட என்று என் பெயருக்கு முன்னால் போட்டு யாராவது கூப்பிட்டுப் பல வருஷமாகிறது. அந்த ஹவில்தார் கேட்டபோதுதான் வாய் நிறையச் சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் செத்தேன்.

அடுத்த வருஷம் என்கிறாய். அவ்வாவின் கண்ணைப் பற்றி நீயே எழுதிவிட்டு அடுத்த வருஷம் என்கிறாய். இன்னும் கொஞ்சம் மங்கட்டும், வந்தவன் யாரென்றே தெரியாமல் போகட்டும் என்று காத்திருக்கிறாயா?

நான் வருகிறேன்.

அனுப்புநர் இல்லாத கடிதம் எழுதுவது பிசாசு வேலை. எழுதிவிட்டேன்.

பெள்ளி

*

பொன்னேகேரி
25 அக்டோபர் 1978

பெள்ளிக்கு,

நான்தான் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள். அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

இப்போது வேறு தொந்தரவு. சென்ற ஞாயிறு புத்தரி ஏற்பாடு பேச ஊர்ப் பெரியவரான தக்கர் வீட்டில் கூடினோம். எல்லாம் முடிந்து காப்பி வந்த நேரத்தில் குட்டய்யா வாயைத் திறந்தான்.

“சுபேதாரே, உங்க தம்பி செத்தது வாஸ்தவந்தானே?”

“கல்லுல இருக்குல்ல?”

“கல்லுல இருக்கு. கருமாதி எங்க இருக்கு? நான் சாப்ட்ட ஞாபகம் இல்லியே. எனக்கு எது மறந்தாலும் விருந்து மறக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். தக்கர் சிரிக்கவில்லை. சாவுத் தீட்டுக் கழிக்காத வீட்டார் புதுக்கதிரைத் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, “அதான் ரெண்டு வருஷமா கதிரு பால் பிடிக்காமப் பதராப் போச்சா” என்றார். அவ்வளவுதான். ஊரில் விளையாத நெல்லுக்கெல்லாம் நீ பொறுப்பாகிவிட்டாய்.

புத்தரிக்கு முன்னால் உனக்குக் கருமாதி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் துப்பாக்கி குட்டய்யா கைக்குப் போகும். அவன் கொடுத்த பெயரில் லாரியிலிருந்து விழுந்தவன்கூட இருக்கிறான், நினைத்துப் பார்.

உயிரோடிருப்பவனுக்குக் கருமாதி செய்தால் ஆயுசு கெட்டி என்று உன் அண்ணி சொல்கிறாள். அவள் எங்கே கேள்விப்பட்டாள் என்று தெரியவில்லை. எனக்காகக் கண்டுபிடித்திருப்பாள்.

படையலில் செத்தவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். உனக்கு என்ன பிடிக்கும்? எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நீ அழுதது, அப்பாவிடம் அடி வாங்கியது, வெடிச் சத்தத்துக்குப் பயந்து அவ்வாவின் முந்தானைக்குள் போனது எல்லாம் வருகிறது. சாப்பிட்டது மட்டும் வரவில்லை.

மேதப்பா

*

ஷில்லாங்
4 நவம்பர் 1978

அண்ணாவுக்கு,

ஊரார் பிள்ளைக்கெல்லாம் பிடித்தது தெரிந்து சமைத்துப் போட்டவனுக்குப் பிடித்தது என்னவென்று அவன் வீட்டில் தெரியவில்லை. பரவாயில்லை, எழுதிக்கொள்.

பன்றிக்கறி, கொழுப்போடு. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் புளி விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் என் ஆத்துமா திரும்பி வந்து சட்டியைக் கவிழ்க்கும். கடம்புட்டு, அரிசி உருண்டை சிறிதாக. பழமும் வறுத்த மாவும் பிசைந்த தம்புட்டு, மேலே நெய். ரம். எவ்வளவு என்று கேட்காதே. போரில் செத்தவனுக்கு அளந்து ஊற்றினால் ஊர் உன்னைத்தான் பேசும்.

அனுமதி கேட்டிருக்கிறாய். தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இலை போட்டுப் படைத்த பிறகு காக்கைக்கு வைக்க வேண்டாம். நானே வந்து தின்றுகொள்கிறேன்.

விளையாட்டு இல்லை. ரயிலுக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன். கருமாதிக்கும் வருவேன், புத்தரிக்கும் வருவேன். நேராக மந்துக்குப் போய் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பேன். குட்டய்யா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கட்டும்.

இல்லையென்றால் நீயே ஒரு வழி சொல். எந்த வழியானாலும் சரி. அவ்வாவின் முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பெள்ளி

*

பொன்னேகேரி
15 நவம்பர் 1978

பெள்ளிக்கு,

வழி சொல்கிறேன்.

பெள்ளியப்பாவோடு படையில் இருந்த நண்பன் என்று வா. கொடவன் என்று சொல்லாதே. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் எந்த ஒக்கா என்பார்கள், அப்புறம் யார் வீட்டு மருமகன், யார் வயிற்றுப் பேரன் என்று பிடித்துவிடுவார்கள். மலையாளி என்று வா. பெயர் குறுப்பு. ஹவில்தார் குறுப்பு. மலையாளம் உனக்குக் கொஞ்சம் வரும். நம் ஊரில் யாருக்கும் அதைவிடக் கொஞ்சம்தான் வரும்.

மீசையை எடுத்துவிடு. நம் கருப்பு அங்கியும் சிவப்புக் கச்சையும் போடாதே. வெள்ளை வேட்டி, சட்டை போதும். விருந்தாளி வரிசையில் உட்கார். ரம் அதிகம் குடிக்காதே. குடித்தால் பேசுவாய்.

அவ்வாவிடம் தனியாகப் பேச முயலாதே. தூரத்திலிருந்து பார். வேண்டுமானால் கிட்டே போய்க் கும்பிடு. விருந்தாளி கும்பிட்டால் தப்பில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கேவலமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மேதப்பா

*

ஷில்லாங்
24 நவம்பர் 1978

சுபேதார் சாருக்கு,

ஹவில்தார் குறுப்பு சலாம் சொல்கிறான். மீசை போய்விட்டது. கடைக்குட்டி என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடி, “அப்பா அடுப்படியில யாரோ நிக்கிறாங்க” என்றாள். ஒத்திகை பலித்தது.

புறப்படுகிறேன்.

குறுப்பு

*

ஷில்லாங்
3 ஜனவரி 1979

அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் உனக்கு எழுத வேண்டியதை மனசில் எழுதிக்கொண்டே வந்தேன். மெட்ராஸ் வரைக்கும் கெட்ட வார்த்தை. கல்கத்தா வந்தபோது அதுவும் தீர்ந்துவிட்டது.

என் கருமாதி நன்றாக இருந்தது. குறை சொல்ல முடியாது. புளியை மட்டும் கொதிக்கும்போதே விட்டுவிட்டார்கள். என் இலைக்கு முன்னால் நீ விழுந்து கும்பிட்டபோது நான் எதிரில் விருந்தாளி வரிசையில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரில் எவன் பொணம் என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

குட்டய்யா என்னை விடவில்லை. கறியைக் கையில் பிடித்தபடியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“குறுப்பு, உள்ளதச் சொல்லுங்க. அவன் எப்படிச் செத்தான்? சின்ன வயசுல பல்லியப் பாத்தாலே ஓடுவான்.”

“படைக்கு வந்தப்புறம் மாறிட்டாரு சார்.”

“அப்படியா? எப்படி மாறினான்?”

அதன் பிறகு நான் என்ன செய்வேன்? சொன்னேன். பனியில் காயம் பட்ட ஆட்களுக்குச் சுடுகஞ்சி எடுத்துக்கொண்டு, தடுக்கத் தடுக்கப் போனார் பெள்ளியப்பா என்றேன். பாத்திரத்தைக் கீழே வைக்காமலே விழுந்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்றேன். குட்டய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம பய. நம்ம ஊரு பய” என்றான். லாரியிலிருந்து விழுந்தவன் அன்றோடு செத்தான். நீயும் அழுதாய், அண்ணா. எதற்கு அழுதாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே அந்தப் பெள்ளியப்பாவைப் பிடித்திருந்தது. நான் அவனாக இருந்திருந்தால் இந்தக் கடிதமெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

வயலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நிலா எழும்பியிருந்தது, கதிரின் அடியில் பால் வார்த்தாயிற்று, நீ துப்பாக்கியை உயர்த்தினாய். எனக்கு அது பழைய வயலாகிவிட்டது. வெடி வெடிப்பதற்குள் ‘பொலி பொலி தேவா’ என்று கத்திவிட்டேன். சின்ன வயசில் பயத்தில் முந்திக் கத்தி அப்பாவிடம் அடி வாங்குவேனே, அதே மாதிரி. ஊர் திரும்பிப் பார்த்தது. “எங்க நாட்டுல கொஞ்சம் முந்தித்தான் கூவறது” என்று சமாளித்தேன். அப்புறம் நீ சுட்டாய். எல்லோரும் கத்தினார்கள். அதற்குள் நான் கத்தி முடித்திருந்தேன்.

இதெல்லாம் தமாஷ். மறுநாள் மந்தில் நடந்ததுதான் எழுத வந்தது.

அவ்வா பால் செம்போடு வந்தாள். பிடித்துக்கொள்ள வந்தவர்களைத் தள்ளிவிட்டாள். கல்லின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராகத் தடவி இறங்கி, என் பெயரில் நின்றாள். யாரும் காட்டவில்லை. எத்தனை வருஷம் தடவினால் விரலுக்கு அந்த வழி பழகும்! அதன் மேல் பாலை வார்த்து, முந்தானையால் துடைத்தாள், மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

நான் கிட்டே போய்க் காலைத் தொட்டேன்.

“யாரு?”

“குறுப்பு, அவ்வா. உங்க பெள்ளியப்பாகூட இருந்தவன்.”

“கூட இருந்தீங்களா? சரி. சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“பஸ்ஸு சாயங்காலம் அஞ்சுக்கு. விட்டுடாதீங்க. அப்புறம் வண்டி கெடையாது.”

அவ்வளவுதான். என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பஸ் நேரம் சொன்னாள். பெற்றவளுக்கு என்னை ஒரு கல்லாக ஆக்கிவிட்டாய், அண்ணா. எதற்கு? ஒரு துப்பாக்கிக்கு. மந்துக்குள் முன்னால் நுழைவதற்கு. அப்பா கதவைச் சாத்தினார், நீ தாழ்ப்பாளையும் போட்டு மேலே என் பெயரையே பலகையாக அடித்துவிட்டாய்.

இனிமேல் நான் பொறுக்க மாட்டேன். நீயே அவளிடம் உண்மையைச் சொல். வந்தது நான்தான் என்று சொல். இல்லாவிட்டால் கமிட்டிக்கு எழுதுவேன். அனுப்புநர் பெயரை முழுசாகப் போட்டு.

நெல்லிமாடண்ட பெள்ளியப்பா

*

பொன்னேகேரி
16 ஜனவரி 1979

பெள்ளிக்கு,

சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும்.

கேட்காதே என்று நான் சொன்னதை நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். என்மேல் பழி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது கமிட்டிக்கு எழுதுவேன் என்கிறாய். எழுதினால் அவமானம் என்னோடு நிற்காது, அவளுக்கும் போகும். ஆகவே எழுதுகிறேன்.

அன்றைக்குக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். உள்ளேயிருந்து அவ்வா வந்தாள். “எனக்கு ஒரு பையன் வடக்க போனான். வரல. எழுதிக்குங்க” என்றாள். “பேரு பெள்ளியப்பா. நெல்லிமாடண்டன்னு முன்னால சேத்து எழுதுங்க” என்றாள். நான் வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிந்த காலம்.

கல் நட்ட நாள் முதல் சும்மா போகிறபோதுகூட அதைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். புத்தரிக்கு மட்டும் அல்ல.

வயலில் நீ முந்திக் கத்தினாயே, அவள் வரப்பில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு ஒரு தடவை ஆடியது. நான் துப்பாக்கி முனைக்கு மேலே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் சுடத் தாமதமாயிற்று. தீர்ந்தது, இப்போது எல்லோர் முன்னாலும் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கூப்பிட்டால் துப்பாக்கியைக் குட்டய்யாவிடம் கொடுத்துவிடுவது என்றே முடிவு செய்தேன். அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் உன் பஸ் போன சத்தம் கேட்ட பிறகு, அடுப்படியில் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“அவ்வா, வந்தது யாருன்னு தெரியுமா?”

“தெரியும். மீசைய எடுத்துட்டானா? கும்பிட்டப்ப கால்ல குத்தல.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்த பேசல?”

விறகை உள்ளே தள்ளினாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் வார்த்தை ஒன்றும் இதில் இல்லை.

“உங்கப்பா கதவச் சாத்தினாரு. சரி. அவரு போயி எத்தன வருசம் ஆச்சு? அப்புறம் தொறந்துதானே கெடந்துச்சு? எவன் வந்தான்? கல்லுல எழுதியிருக்குன்னு தெரிஞ்சப்பறந்தானே வந்தான். அவன் பேரப் பாக்க வந்தான்டா. என்னப் பாக்க வரல.”

அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள்.

“நடந்து வர்றவன் நடந்து போயிடுவான். எனக்கு மந்துல ஒரு பையன் இருக்கான். எங்க வெச்சேனோ அங்க இருப்பான்” என்றாள். பிறகு, “குறுப்புக்கு வழியில திங்கத் தம்புட்டு கட்டிக் குடுத்தியா?” என்று கேட்டாள். நான் மறந்துவிட்டிருந்தேன். அதற்கு மட்டும்தான் என்னைத் திட்டினாள்.

பெயரை எடுக்க வேண்டும் என்று நீ எழுதினால் எடுத்துவிடுகிறேன். குட்டய்யா சிரிக்கட்டும். ஆனால் மந்தில் அவள் விரல் வந்து நிற்கும்போது அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன் முடிவை எழுது.

அண்ணா

*

ஷில்லாங்
30 ஜனவரி 1979

மரியாதைக்குரிய சுபேதார் மேதப்பா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடையை இரண்டு நாள் மூடிவிட்டேன். தெய்லின் காரணம் கேட்டாள். ஊரில் ஒரு சாவு என்றேன். “யாரு?” என்றாள். தெரிந்தவர் என்றேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பெயரை எடுக்க வேண்டாம். இங்கே பலகையில் இருப்பது அவள் பெயர், பிள்ளைகளுக்கு இருப்பது அவள் குலத்தின் பெயர். நெல்லிமாடண்ட என்று சேர்த்துப் பெள்ளியப்பாவை எழுதி வைத்திருக்கிற இடம் பூமியில் உங்கள் மந்து ஒன்றுதான். அவன் அங்கேயே இருக்கட்டும். என்னைவிட அவனுக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

கமிட்டிக்கும் எழுத மாட்டேன். குட்டய்யாவிடம் கஞ்சிக் கதையை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். கஷ்டப்பட்டுச் செத்திருக்கிறான்.

ஒரே ஒரு விஷயம். கல்லைச் சுற்றிப் பால் வழிந்து பாசி பிடித்திருக்கிறது; வழுக்குகிறது. நான் நின்ற இடத்தில் பார்த்தேன். உங்கள் தாயார் யாரையும் பிடித்துக்கொள்ள விடுவதில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் மணல் போட்டு வையுங்கள். தம்புட்டு கட்டித்தர மறந்ததைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும். விருந்தாளிக்கு அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது.

அடுத்த புத்தரிக்கு யார் சுட்டாலும் அவசரப்படாமல் சுடச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு கத்த இனிமேல் ஆள் வராது.

இப்படிக்கு,
குறுப்பு